தூண்களும் பலகைகளும்

எலுமிச்சை பூக்கும் நாட்டைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பாட்டு இருக்கிறது. கதேயின் நாவலில் மிக்னான் என்ற சிறுமி பாடுவது. பீத்தோவன், ஷூபர்ட், ஷூமன், லிஸ்ட், வூல்ஃப் என்று வரிசையாக எல்லோரும் இசையமைத்துவிட்டார்கள். வட ஐரோப்பியனுக்குத் தெற்கு என்றாலே மனதில் எழும் படிமம் அநேகமாக இந்தப் பாட்டிலிருந்து வந்ததுதான். நாவல் அச்சானது 1795-96-ல். கதே இத்தாலி போனது 1786-ல். இந்த இரண்டு தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டால், பார்த்துவிட்டு வந்து எழுதினார் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் நாவலின் முதல் வடிவம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கையெழுத்துப் பிரதியாக அகப்பட்டது. அதிலேயே பாட்டு இருக்கிறது. அதாவது 1780-களின் முன்பாதியில், ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, வைமரில் உட்கார்ந்து எழுதியது. எலுமிச்சை பூக்கும் நாட்டை எழுதியவர் அந்த நாட்டை அப்போது பார்த்ததில்லை.

இதை ஒரு புகாராகச் சொல்லவில்லை. பாட்டு கதேயின் வாயில் இல்லை, இத்தாலியிலிருந்து கடத்திக்கொண்டு வரப்பட்ட ஒரு குழந்தையின் வாயில் இருக்கிறது. அவளிடம் இருப்பது தாபம், தகவல் அல்ல. தாபத்தில் கிளம்பும் படிமத்துக்குத் தோட்டக்காரனின் சாட்சிக் கையெழுத்து தேவையில்லை. பாட்டை வாசித்துவிட்டுப் பின்னால் வந்தவர்களோடுதான் நமக்குப் பேச்சு. தெற்கில் எலுமிச்சை தானாகப் பூக்கிறது, வெயில் அதைக் கொடுத்துவிடுகிறது, மனிதன் கை நீட்டிப் பறித்துக்கொள்கிறான் என்பது அவர்கள் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்ட சித்திரம். ஜெர்மானியப் பயணி ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கியதும் முதலில் கண்ணில் படும் எலுமிச்சைத் தோட்டங்கள் கார்தா ஏரிக் கரையில் இருந்தவை. அவை வெயிலின் கொடை அல்ல. தச்சு வேலை.

விஷயத்துக்குப் போகுமுன் இரண்டு சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாம் எலுமிச்சை என்பது சிறிய, உருண்டையான, தோல் மெலிந்த காய். அங்கே சொல்லப்படுவது லெமன். முட்டை வடிவம், தடித்த தோல், நுனியில் ஒரு காம்பு முனை. நாரத்தைக்குச் சொந்தமான புளிப்பு ஆரஞ்சும் கடாரங்காய்க்கு உறவான சிட்ரனும் கலந்து பிறந்த கலப்பினம் என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. வேறு சொல் இல்லாததால் எலுமிச்சை என்றே எழுதுகிறேன். இன்னொரு சொல் பனி. தமிழில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது, கோலத்தை ஈரமாக்குவது, தலைக்கு முக்காடு போடவைப்பது. மென்மையான சமாச்சாரம். ஐரோப்பியத் தோட்டக்காரன் அஞ்சுவது அதையல்ல. நீர் உறைந்துபோகும் குளிரை. உறைபனி என்று ஒட்டுப்போட்டுத்தான் நம்மால் சொல்ல முடிகிறது. (நமது புதுக்கவிதையில் பொழிகிற பனி உதகமண்டலத்தில்கூடப் பொழிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உதகையில் விழுவது உறைபனி. கவிதைகளில் விழுவது மொழிபெயர்ப்பு.)

உறைபனி ஒரு மரத்தைக் கொல்லும் விதம் எளியது. திசுக்களில் உள்ள நீர் பனிக்கட்டியாகிறது; உயிரணுக்கள் நீரை இழந்து, சவ்வு கிழிந்து செத்துப்போகின்றன. மறுநாள் வெயிலில் இலைகள் வெந்துபோனதுபோல் தொங்கும். ஆப்பிள் மரத்துக்கு இந்தக் கவலை இல்லை. அது இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கிவிடும். எலுமிச்சைக்குத் தூங்கத் தெரியாது. ஒரே கிளையில் மொட்டும் பூவும் பச்சைக் காயும் பழமும் ஒரே சமயத்தில் இருக்கும். குளிர்காலத்திலும் அதற்குச் சாறு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கவிஞர்களைக் கவர்ந்த இந்தக் குணமே குளிர்நாட்டில் அதன் பலவீனமும். உறைநிலைக்குக் கீழே ஒன்றிரண்டு டிகிரியில் பூவும் பிஞ்சும் போய்விடும். மூன்று நான்கு டிகிரி கீழே சில மணி நேரம் நின்றால் கிளைகள் போகும். அதற்கும் கீழே மரமே போகும். வருஷம் முழுக்கக் காப்பாற்றியதை ஒரே இரவில் இழக்கலாம்.

இப்படிப்பட்ட மரத்தை வைத்துக்கொள்ள ஐரோப்பா இரண்டு வழிகளைக் கண்டுபிடித்தது. மரத்தை வீட்டுக்குள் கொண்டுபோவது ஒன்று. வீட்டை மரத்திடம் கொண்டுவருவது இன்னொன்று.

முதல் வழிதான் பிரசித்தமானது, ராஜாக்கள் பின்பற்றியது. வெர்சாயில் 1684-க்கும் 1686-க்கும் இடையே மான்சார் கட்டிய ஆரஞ்சுக் கூடத்தின் நடு மண்டபம் மட்டும் 155 மீட்டர் நீளம். மரங்கள் பெரிய மரத்தொட்டிகளில் இருக்கும். தொட்டியின் பக்கப் பலகைகளைக் கழற்றி வேரைப் பார்க்கலாம், மண் மாற்றலாம். அக்டோபரில் உள்ளே, மே மாதத்தில் வெளியே. பதினான்காம் லூயிக்கு இந்தப் பூவின் வாசனையில் இருந்த மோகத்தால் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்துக்குள்ளேயே வெள்ளித் தொட்டிகளில் ஆரஞ்சு மரங்களை நிறுத்தினார்கள். 1689-ல் போர்ச் செலவுக்குப் பணம் போதாமல் வெள்ளிச் சாமான்களை எல்லாம் உருக்கியபோது அந்தத் தொட்டிகளும் உருகின. இங்கிலாந்தில் ஜான் ஈவ்லின், கூடத்துக்குள்ளேயே அடுப்பெரித்தால் புகையும் கெட்ட காற்றும் செடியைக் கொல்கின்றன என்று கண்டு, அடுப்பை வெளியே வைத்து, வெளிக்காற்றைக் குழாய் வழியே சூடாக்கி உள்ளே விடும் ஏற்பாட்டை 1691-ல் விவரித்து எழுதினார். ஜெர்மனியின் சிறு அரசவைகளும் பின்தங்கவில்லை. டிரெஸ்டனின் புகழ்பெற்ற ஸ்விங்கர் மாளிகை ஆரஞ்சுக் கூடமாகத் தொடங்கியதுதான். வைமருக்கு வெளியே பெல்வடேர் அரண்மனையிலும் ஒரு கூடம் இருந்தது. பாட்டை எழுதும்போது கதேயின் நாசியில் எலுமிச்சைப் பூ மணம் இருந்ததென்றால் அது இப்படிப்பட்ட தொட்டி மரத்தின் மணமாகத்தான் இருந்திருக்க வேண்டும்: நாடு கடத்தப்பட்டு, பெட்டிக்குள் வேர்விட்டு, அந்நியர் வீட்டில் பூக்கும் மரம். மிக்னானும் அதேதான். இந்த ஒற்றுமையைக் கதே கருதினாரா என்பது என் வாதத்துக்கு அவசியமில்லை.

இரண்டாவது வழிக்கு இங்கிலாந்திலேயே ஓர் உதாரணம் இருந்தது. சர்ரே மாவட்டத்தில் பெடிங்டனில் பிரான்சிஸ் கரூ பதினாறாம் நூற்றாண்டில் ஆரஞ்சு மரங்களைத் தரையிலேயே நட்டார். குளிர்காலத்தில் மரங்களைச் சுற்றி மரக்கொட்டகை எழுப்பி, உள்ளே கணப்பு மூட்டினார்கள்; வசந்தத்தில் கொட்டகையைப் பிரித்தார்கள். பல தலைமுறை இது நடந்தது. 1739-40 குளிர்காலத்தில் எல்லாம் செத்தன. கரூவுக்கு அது பிரபுவின் ஆசை. அதையே ஊர்த் தொழிலாக, பிழைப்பாக, நூற்றாண்டுக் கணக்கில் செய்தவர்கள் கார்தா ஏரிக்காரர்கள்.

கார்தா இத்தாலியின் மிகப் பெரிய ஏரி. வடபாதி மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கிறது. ஆழம் 346 மீட்டர் வரை போகிறது. அவ்வளவு நீர் கோடையில் வாங்கிய சூட்டைக் குளிர்காலத்தில் மெல்ல விட்டுக்கொண்டிருக்கும்; வடக்குக் காற்றை மலை மறிக்கும். அதனால் மேற்குக் கரையில், கார்ஞானோ, தின்யாலே, லிமோனே போன்ற ஊர்களில், ஒலிவமும் எலுமிச்சையும் நிற்க முடிந்தது. கிட்டத்தட்ட நாற்பத்தைந்தரை டிகிரி அட்சரேகை! வியாபாரத்துக்கு எலுமிச்சை பயிரிட்ட இடங்களில் இவ்வளவு வடக்கே இருந்தவை சொற்பம். பதிமூன்றாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கத் துறவிகள் கொண்டுவந்தார்கள் என்பது ஐதீகம். கார்ஞானோவில் அவர்களுடைய மடத்தின் தூண் தலைப்புகளில் எலுமிச்சை இலையும் கனியும் செதுக்கியிருக்கின்றன. (லிமோனே என்ற ஊர்ப் பெயர் பழத்திலிருந்து வந்ததல்ல, பெயர் பழசு. பயணிகள் யாரும் இதை நம்ப விரும்புவதில்லை.)

ஆனால் ஏரியின் கருணைக்கு எல்லை உண்டு. பெரும்பாலான இரவுகளில் அது போதும். போதாத இரவுகள் சில வரும். 1709 ஜனவரியில் வெனிஸ் நகரைச் சூழ்ந்த காயலே உறைந்துவிட்டது. கார்தாவின் மேற்குக் கரை அப்போது வெனிஸ் குடியரசுக்குள் இருந்தது. அந்தச் சில இரவுகளுக்காகத்தான் அத்தனை கட்டுமானமும்.

மலைச் சரிவை வெட்டிப் படிப்படியாகத் தளங்கள் அமைத்தார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் முதுகுப்புறமும் இரு பக்கமும் உயரமான கற்சுவர். ஏரியைப் பார்த்த பக்கம் திறப்பு. அந்தத் திறப்பிலும் உள்ளேயும் வரிசை வரிசையாகச் சதுரக் கல்தூண்கள். பல மீட்டர் உயரம், வெள்ளைப் பூச்சு. நான்கு தூண்களுக்கு நடுவில் உள்ள இடத்துக்குக் காம்போ, அதாவது வயல், என்று பெயர். அதில் ஒரு மரம். தோட்டத்தின் அளவை இத்தனை காம்போ என்றுதான் சொல்வார்கள். பக்கத்திலேயே ஒரு கல்கட்டடம். காசெல்லோ என்பார்கள். வருஷத்தில் பாதி நாள் அதற்குள் கிடப்பவை: உத்தரங்கள், கழிகள், கூரைப் பலகைகள், கண்ணாடி பதித்த சட்டங்கள்.

நவம்பரில் மலையுச்சியில் வெண்பனி தெரிந்ததும் காசெல்லோ திறக்கும். தூணுக்குத் தூண் உத்தரம் ஏற்றி, அதன்மேல் கழி பரப்பி, பலகை அடுக்கிக் கூரை போடுவார்கள். முன்பக்கத் திறப்பைப் பலகையாலும் கண்ணாடிச் சட்டத்தாலும் மறைப்பார்கள். இடுக்குகளில் வைக்கோலை அடைப்பார்கள். பிறகு காவல். நல்ல வெயில் வந்தால் சில சட்டங்களைத் திறந்து காற்று விடவேண்டும். மூடியே வைத்தால் அழுகும், திறந்து மறந்தால் உறையும். குளிர் முற்றிய இரவுகளில் உள்ளே தீ மூட்டுவார்கள். புகையால் செடிக்குக் கேடு என்பது ஈவ்லினுக்குத் தெரிந்ததுபோல் இவர்களுக்கும் தெரியாதிருக்காது. ஆனால் அந்த இரவில் இரண்டு கேடுகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மார்ச்சில் எல்லாவற்றையும் கழற்றி, எண்ணி, உள்ளே அடுக்குவது. ஒவ்வொரு வருஷமும் ஒரு பெரிய வீட்டைக் கட்டி ஒவ்வொரு வருஷமும் பிரிப்பது.

1786 செப்டம்பர் 13 விடியுமுன் கதே தோர்போலேயில் படகேறி இந்தக் கரையோரமாக வந்தார். இத்தாலிக்குள் நுழைந்து சில நாள்தான் ஆகியிருந்தது. லிமோனேயைத் தாண்டும்போது தோட்டங்களைப் பார்த்தார். இறங்கவில்லை. பயணக் குறிப்பில் நாலைந்து வாக்கியம் எழுதியிருக்கிறார். வெள்ளைச் சதுரத் தூண்கள் படிப்படியாக மலையில் ஏறுவதைச் சொல்லி, அவற்றின்மேல் கிடக்கும் கழிகள் குளிர்காலத்தில் மரங்களை மூடுவதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறார். பரவசம் இல்லை. தன் பாட்டைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. பாட்டின் இரண்டாம் பகுதியில், தூண்களின்மேல் கூரை நிற்கும் ஒரு வீடு வருகிறது. உரைகாரர்கள் அதற்கு இத்தாலிய மாளிகை ஒன்றைத் தேடிப் பொருத்துவது வழக்கம். லிமோனேயில் அவர் பார்த்த தூண்களின்மேல் கூரை இல்லை. நவம்பரில்தான் வரும். அப்போது உள்ளே இருப்பது பளிங்குச் சிலைகள் அல்ல, இருட்டில் மூச்சுப் பிடித்து நிற்கும் மரங்கள். கற்பனையில் எழுதியதை நேரில் சந்திக்கும்போது கதே கற்பனையை நிரூபிக்கத் துடிக்கவில்லை, கழி எதற்கு என்று கவனித்தார். பாட்டை எழுதியதைவிட இது சின்னக் காரியமில்லை என்று எனக்குப் படுகிறது. அப்புறம் எதிர்க்காற்று படகை மால்செசினேயில் ஒதுக்கியதும், பழைய கோட்டையை வரைந்தவரை ஒற்றன் என்று ஊரார் சூழ்ந்துகொண்டதும் எல்லோரும் அறிந்த கதை. 'இத்தாலியப் பயணம்' 1816-17-ல்தான் அச்சாயிற்று. அதற்குள் பாட்டு ஜெர்மனி முழுவதும் பரவியிருந்தது. நாலைந்து வாக்கியம் ஒரு பாட்டோடு போட்டிபோட முடியுமா?

கார்தா எலுமிச்சையை உள்ளே போய்ப் பார்த்து எழுதியவர் என்று ஆங்கிலத்தில் ஒருவரைத்தான் சொல்ல முடியும்: டி. எச். லாரன்ஸ். 1912 செப்டம்பரிலிருந்து 1913 வசந்தம் வரை கார்ஞானோவில் குடியிருந்தார். 'ஸன்ஸ் அண்ட் லவ்வர்ஸ்' முடிந்தது அங்கேதான். அப்போதே பல தோட்டங்கள் கைவிடப்பட்டுத் தூண்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. முதலில் லாரன்ஸுக்கும் அவை அழிந்துபோன ஏதோ ஓர் இனத்தின் கோயில் இடிபாடுகளாகத்தான் தோன்றுகின்றன. பயணியின் கண். ஆனால் அவர் அங்கேயே தங்கிவிட்டவர், நவம்பர் வந்தது. பலகைகள் விழும் ஓசை கேட்கிறது. இருபது முப்பது அடி உயரத்தில், தூணுக்குத் தூண் போட்ட கழிகளின்மேல், மரக்கட்டைச் செருப்போடு ஆட்கள் பாடிக்கொண்டே நடக்கிறார்கள். கோயில் காணாமல்போய் வேலைத்தளம் வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் அவரை உள்ளே அழைத்துப் போகிறார். இருள், ஈரம், பச்சை. கடலடியில் நிற்பதுபோன்ற குளிர். அந்தப் பக்கங்களில் லாரன்ஸ் எழுதியதற்கு ஈடாகப் பயண இலக்கியத்தில் அதிகம் இல்லை.

இந்தக் கட்டுரை முதலில் 1913-ல் 'இங்கிலிஷ் ரெவ்யூ'வில் வந்தது. 1915-ல் லாரன்ஸ் திருத்தி எழுதி 1916-ல் 'ட்விலைட் இன் இட்டலி'யில் சேர்த்தார். திருத்தியபோது நடுவில் ஒரு தத்துவம் புகுந்துவிட்டது. இத்தாலிய ஆன்மா, புலி, பிதா, சுதன், புலனின் இருள், அறிவின் ஒளி. விமர்சகர்களில் ஒரு சாராருக்கு இதுதான் லாரன்ஸ். எனக்கு அந்தப் பக்கங்களில் மூச்சு முட்டுகிறது. காற்று விட ஒரு சட்டத்தையாவது கழற்றியிருக்கலாம். போர் நடந்துகொண்டிருந்தது, அவர் மனம் கொதித்துக்கொண்டிருந்தது, அதெல்லாம் நியாயம். ஆனால் தத்துவம் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பும்போது உரைநடை உயிர்பெறுவதைக் காது உள்ளவர்கள் கேட்கலாம். எங்களுடைய ஒரு காய் வெளியூர்க் காய் இரண்டுக்குச் சமம் என்கிறார் வீட்டுக்காரர். லாரன்ஸ் அதைக் கேட்டுக்கொள்கிறார்; முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை.

வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த இடத்தில் நிற்காமல் போக முடிவதில்லை. ஏனென்றால் கார்தாவின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் கவிழ்கிறது. சந்தையில் காய்க்குக் காய்தான் விலை. கார்தாக்காரன் ஒவ்வொரு காயிலும் மலையை வெட்டிய கூலி, சுவர், தூண், மரம், கண்ணாடி, நவம்பரில் ஏற்றி மார்ச்சில் இறக்கும் கூலி, வைக்கோல், விறகு எல்லாவற்றையும் வாங்க வேண்டும். சிசிலிக்காரனுக்குக் குளிர்காலம் என்ற செலவே இல்லை. பழம் ஒன்றுதான், அங்கே வாங்குகிறவன் குளிருக்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டியிருந்தது. சிசிலி தூரத்தில் இருந்தவரை கணக்கு சரிக்கட்டியது. கார்தாவின் காய் ஆல்ப்ஸைத் தாண்டி ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போலந்துக்கும் ருஷ்யாவுக்கும் போயிற்று. 1840-ல் கார்ஞானோ விவசாயிகள் சேர்ந்து விற்பனைக்கென்று ஒரு சங்கமே வைத்தார்கள். 1850-களின் நடுவில் மரங்களுக்குக் கோந்து நோய் வந்தது. அடிமரத்தில் பிசின் வடிந்து பட்டை அழுகிச் சாகும். குளிருக்கு மூடிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு வேரிலிருந்து வருவதை மூடத் தெரியவில்லை. பிறகு புளிப்பு ஆரஞ்சின் வேர்மரத்தில் ஒட்டுக் கட்டிச் சமாளித்தார்கள். 1861-ல் இத்தாலி ஒன்றாயிற்று. சிசிலியும் அதே நாடு. 1867-ல் பிரென்னர் கணவாய் வழியே ரயில் ஓடத் தொடங்கியது. கார்தாவைத் தாங்கிப்பிடித்திருந்த தூரம் போய்விட்டது.

ரயில் நிலக்கரியில் ஓடிற்று. லாரன்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். எலுமிச்சை வீட்டுக் கூரைமேல் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து எதிர்க்கரை வெண்பனியைப் பார்த்துக்கொண்டே கரி படிந்த இங்கிலாந்தை நினைக்கிறார். எந்திரங்களை வெறுப்பவர் அவர்; பக்கத்தில் இருக்கும் மனிதருக்கோ எந்திரங்கள் மீது ஏக்கம். இதில் யார் வடக்கு, யார் தெற்கு?

1915-ல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆஸ்திரியாவுக்கு எல்லை ஊரான லிமோனே போர்முனையின் விளிம்பாயிற்று. கழிமேல் நடக்க வேண்டிய ஆட்கள் சிப்பாய்களானார்கள். 1919-லிருந்து அமெரிக்காவில் எலுமிச்சை இல்லாமலே, பூஞ்சையைக் கொண்டு சர்க்கரையிலிருந்து எலுமிச்சை அமிலம் தொழில் ரீதியாகத் தயாராகத் தொடங்கியது. அதில் அடிபட்டது பெரும்பாலும் சிசிலிதான், கார்தாவில் அடிபட அதிகம் மிச்சமில்லை. 1928-29 குளிர்காலம் மிச்சத்தையும் முடித்தது. 1931-ல் மலையைக் குடைந்து மேற்குக் கரைச் சாலை திறந்தார்கள். அதுவரை லிமோனேக்குப் படகு, இல்லாவிட்டால் மலைப்பாதை. சாலையில் எலுமிச்சை போகவில்லை, பயணிகள் வந்தார்கள். காசெல்லோக்களும் தளங்களும் மெல்ல மெல்ல வீடுகளாகவும் விடுதித் தோட்டங்களாகவும் மாறின. தின்யாலேயில் ஏரியோரம் சீர்செய்த தோட்டம் ஒன்றின் பெயர் பிரா தெலா ஃபாம்: பசியின் புல்வெளி. புயலில் கரை ஒதுங்கிய படகுக்காரர்கள் சாப்பாடில்லாமல் காத்துக்கிடந்த இடமாம். லிமோனேயில் கோட்டைத் தோட்டம் என்ற பழைய தோட்டத்தை ஊராட்சி எடுத்துப் புதுப்பித்து, சுவருக்குள் எலுமிச்சையும் நாரத்தை இனங்களும் வளர்க்கிறது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். மற்ற இடங்களில் தூண்கள் நிற்கின்றன. பலகைகள் இல்லை.